கலாவரை இல்லாத கை

ஏஸுக்கு நாலு. ராஜாவுக்கு மூன்று.
ராணிக்கு இரண்டு. ஜாக்குக்கு ஒன்று.
இதைப் பாடமாக்க எனக்கு ஒரு கிழமை போனது.
முந்நூற்றிநாலு விளையாடி வளர்ந்த கை இது:
அங்கே ஜாக்தான் முப்பது, ஒன்பது இருபது,
ராணி, யாரும் எழும்பி இடம் கொடுக்காத இரண்டு.
அதே சீட்டுக்கட்டு. வேறு அரசாங்கம்.

பகலில் நான் வெள்ளவத்தைக் கிளையில்
அடகுப் பிரிவு, மூன்றாம் கவுண்டர்.
உரைகல், அமிலம், சின்னத் தராசு.
கல்லைக் கழித்து, அரக்கைக் கழித்து,
அழுகையைக் கழித்து எழுதுவேன் பவுன் கணக்கு.
ஏலம் என்றால் எனக்கு
மீட்க வராதவர்களின் பட்டியல்,
பலகையில், மூன்று மொழியில்.

புதன் இரவு பம்பலப்பிட்டியில்,
தண்டவாளமும் கடலும் தெரியும் மாடியில்,
அதே சொல்லைத் திரும்பவும் கற்கிறேன்.
இங்கே ஏலம் கேட்பது
எதிரே இருப்பவளோடு பேசுவதற்கு.
என் ஜோடி சுரங்கி, பல் வைத்தியர்.
என் சிங்களம் கடைச் சிங்களம்;
அவளின் தமிழ் "வாயைத் திறவுங்கோ", "நோகுதா", அவ்வளவுதான்.
மேசையில் இருவருக்கும் ஒரே அகராதி:
ஏழு எண்கள், நாலு சாதி, துரும்பே வேண்டாம் என்று ஒரு சொல்,
பாஸ், டபுள், ரீடபுள்.
முகம் சுளித்தால் குற்றம்.
இருமினாலும் இம்தியாஸ் நிமிர்ந்து பார்ப்பார்.
மாத்தறை ரயில் போகும்வரை மட்டும்
ஏலம் அப்படியே நிற்கும்.

அன்று அவள் தொடங்கினாள்: "ஒரு ஆடுத்தன்."
என்னிடம் ஆடுத்தன் நாலு, ராஜாவோடு.
இஸ்கோப்பன் ஐந்து, ஏஸோடு.
உருவித்தன் நாலும் சில்லறை.
கலாவரை ஒன்றுகூட இல்லை.
ஏழு புள்ளி. நிறுத்த நிறுவை மாறாமல் சொன்னேன்:
"இரண்டு ஆடுத்தன்."
அவள் பாஸ்.
பிறகு பதினொரு பிடி எடுத்தாள்.

சீட்டைச் சேர்க்கையில்
கலாவரைகளை ஒதுக்கி
விரலால் மேசையில் வட்டம் போட்டாள். பூச்சியம்.
பக்கத்தில் ஐந்து என்று எழுதினாள்.
துரும்பு பொருந்திவிட்டால்
இல்லாத சாதிக்கு ஏஸைவிட விலை.

இதைக் கவுண்டரில் யாரிடம் சொல்வேன்?
வியாழன் காலை வெறுங்கழுத்தோடு வந்து
மகனின் பரீட்சைக் காசுக்கு
ஒற்றைத் தோட்டை நீட்டியவளிடம்,
"அக்கா, உங்களிடம் இல்லாததுக்கும் ஐந்து கூட்டலாம்" என்றா?
தராசு அப்படிப் பேசாது.
நானும் பேசவில்லை.
பதினெட்டாயிரம் என்று எழுதினேன்.

அடுத்த புதன் நான் பாடம் படித்தவள்.
உருவித்தன் ஒன்றும் இல்லாமல் வந்தது கை,
துள்ளி ஐந்தைக் கூட்டினேன்.
சுரங்கி உருவித்தன் உருவித்தன் என்று
ஒன்றில், இரண்டில், மூன்றில்;
நான் இஸ்கோப்பன் என்று விடாமல் மேலே மேலே.
நாலில் டெஸ்மண்ட் டபுள் சொன்னார்,
மிகவும் மரியாதையாக.
மூன்று பிடி குறைந்தோம்.
என் வெறுமை அவளின் நிறைவுக்கு நேரே விழுந்தால்
பூச்சியம் பூச்சியம்தான்.
அதை யாரும் முதலில் சொல்லவில்லை.

ராஜாவும் அப்படித்தான்.
ஏஸ் வைத்திருப்பவருக்குப் பின்னால் ஆடினால் மூன்றுக்கும் மேல்;
முன்னால் ஆடினால் அந்த மூன்று வெறும் வாய்ச்சொல்.
பொன் ஒருபோதும்
பக்கத்தில் யார் என்று பார்த்து நிறை மாறியதில்லை.
எனக்கு அதுதான் பழக்கம்.

காலி வீதியில் நூற்றியோராம் பஸ்ஸுக்கு நின்றோம்.
சுரங்கி விளக்கடியில் வாயைத் திறந்து
கீழ்க்கடைவாயில் ஓர் இடைவெளியைக் காட்டினாள்.
பிடுங்கியது. பிறகு மேல்பல்லைத் தொட்டாள்:
இங்கே ஆளில்லை என்று தெரிந்ததும்
அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருகிறதாம்.
சிங்களத்தில் சொன்னாள், கையால் சொன்னாள், சிரித்தாள்.

பாதி விளங்கியது.
பஸ் வந்துவிட்டது.
மீதியைப் புதன் கேட்பேன்.